விழுந்த மரத்தை யார் எண்ணுவது

ஹெலீன் சூறாவளி அமெரிக்காவில் எங்கள் வட கரோலினா மாநிலத்தைக் கடந்துபோன மறுநாள் இரவு, ஊரிலிருந்து அப்பா அழைத்தார். நலமா, மின்சாரம் இருக்கிறதா, பிள்ளைகள் பயந்தார்களா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "அந்த மலைப்பக்கம் மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறதா, நடுவில் முறிந்து கிடக்கிறதா?" என்று கேட்டார்.

கைப்பேசியில் வந்திருந்த படங்களை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பெரிய பெரிய ஓக் மரங்கள் அடிமண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டு, வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்தன.

"வேரோடுதான் அப்பா."

"அப்படியானால் காற்று வருவதற்கு முன்பே நல்ல மழை பெய்திருக்கிறதம்மா. மண் ஊறிவிட்டது. வேருக்குப் பிடிமானம் இல்லை."

அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பேராவூரணிக்கு அருகே கடைமடைக் கிராமம் ஒன்றில் தென்னை வைத்திருக்கிறார். வானிலை ஆய்வாளர்கள் பிறகு சொன்னதும் அவர் சொன்னதேதான். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் ஃபுளோரிடாவில் பெர்ரி என்னும் சிற்றூருக்கு அருகே, மணிக்கு 225 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. வட கரோலினா மலைகளிலோ அதற்கு முந்தைய நாளே அடைமழை தொடங்கிவிட்டது. புயல் அங்கே போய்ச் சேர்ந்த 27ஆம் தேதி காலையில் மண்ணும் ஆறுகளும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பியூசிக் என்ற இடத்தில் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை. மலைச் சரிவுகளில் 2,000-க்கும் மேற்பட்ட மண்சரிவுகள். ஆஷ்வில் நகரின் ஊடே ஓடும் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு, தாத்தா பாட்டிகள் கதையாகச் சொல்லிவந்த 1916ஆம் ஆண்டு வெள்ளத்தையும் தாண்டி ஏறியது. எங்கள் மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அமெரிக்கா முழுவதும் சுமார் 250 பேர்.

நான் சார்லட்டில் பத்து ஆண்டுகளாக வசிக்கிறேன். ஆஷ்வில் எங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். அக்டோபர் பிறந்தால் இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் பிள்ளைகளோடு போகும் ஊர். புயல் கரையேறிய இடத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் உள்ளே, கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்குத் தப்பிக்க ஏற்ற ஊர் என்று பத்திரிகைகள் அதைப் பட்டியல் போட்டன. அதை நம்பி ஃபுளோரிடாக் கடற்கரையில் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு கஜாதான் நினைவுக்கு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் தோப்பில் 210 தென்னைகள் நின்றன. விடிந்தபோது 11 நின்றன. மூன்று நாள் கழித்துத்தான் அப்பாவின் குரலைக் கேட்க முடிந்தது. அவர் அழவில்லை. "எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார். கணக்கெடுக்க அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை ஒரு மரத்தையும் அகற்றவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தான் இருபது வயதில் நட்ட மரங்களின் பிணங்களுக்கு நடுவே நாள்கணக்காக நடந்து, சுண்ணாம்பால் எண் போட்டு வைத்திருந்தார். மரம் ஒன்றுக்கு இழப்பீடு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. காய்க்கும் தென்னை ஒன்று ஓர் ஆண்டில் தரும் வருமானத்துக்குக்கூட அது ஈடாகாது. ஆனாலும் வந்து எண்ணினார்கள் என்பதை அப்பா இன்றைக்கும் மரியாதையோடு சொல்வார். அதன் பொருள் எனக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, ஆஷ்வில்லுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்வானனோவாவில்தான் விளங்கியது.

அக்டோபர் 5, சனிக்கிழமை. எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் இரண்டு வேன்களில் பொருள் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மலைக்குள் போகும் பாதைகளில் பாதி மூடிக் கிடந்தன. டென்னசிக்குப் போகும் 40ஆம் எண் நெடுஞ்சாலை பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அப்படியே ஆற்றுக்குள் சரிந்திருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் அங்கே பக்கத்துக்கு ஒரு தடம் திறந்தார்கள். நாங்கள் தெற்கே சுற்றி 26ஆம் எண் சாலை வழியாக ஏறினோம். குடிநீர், குழந்தைகளுக்கான டயப்பர், பேட்டரி, ரொட்டி, கெட்டுப்போகாது என்று நாங்களே கிளறிக் கட்டிய புளியோதரைப் பொட்டலங்கள். எல்லாவற்றையும் ஒரு தேவாலயக் கூடத்தில் இறக்கியபோது அங்கே பொறுப்பிலிருந்த இளம்பெண் நன்றி சொல்லிவிட்டு, "வாளி இருக்கிறதா?" என்று கேட்டாள். எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

ஆஷ்வில்லின் நீர்த்தேக்கங்களிலிருந்து நகருக்கு வரும் பிரதான குழாய்கள் அடித்துப்போய்விட்டன. தேக்கமோ சேறாகக் கலங்கிப்போனது. குழாயில் வரும் நீரை அப்படியே குடிக்கலாம் என்று நகராட்சி அறிவிக்க நவம்பர் 18 ஆயிற்று. 53 நாட்கள். குடிநீர்ப் புட்டிகள் லாரி லாரியாக வந்து குவிந்தன. கழிவறையில் ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. நவீன நகரம் ஒன்றில் இப்படி ஒரு நெருக்கடி வரும் என்று நாங்கள் யாரும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்த இளைஞர்கள் யோசித்திருந்தார்கள். முதியோர் வசிக்கும் அடுக்குமாடிகளைத் தேடிப்போய், ஓடையிலும் குளத்திலும் மொண்ட நீரைப் படியேறிக் கொண்டுபோய் ஊற்றுவதற்கென்றே குழு குழுவாகத் திரண்டிருந்தார்கள்.

அன்று மதியம் முழுவதும் நானும் வாளி தூக்கினேன். லிப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, என் தோளில் ஏறிய வலி எனக்குப் பழகிய வலியாக இருந்தது. கோடையில் அம்மாவோடு ஊர்க்குளத்திலிருந்து குடம் சுமந்த வலி. அந்த இளம்பெண்ணிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரி. "204: இரண்டு வாளி. 207: இன்சுலின் இருக்கிறது, ஐஸ் வேண்டும். 305: காது கேளாது, பலமாகத் தட்டவும். 311: மகள் அட்லாண்டாவில், இன்னும் தொடர்பு கிடைக்கவில்லை." எந்த அலுவலகமும் அவளிடம் இந்தக் கணக்கைக் கேட்கவில்லை. எட்டு நாளாக அவளே எழுதி, அவளே திருத்தி, அவளே அடித்துக்கொண்டிருந்தாள்.

305இல் எண்பதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் கதவைத் திறந்தார். சமையல் மேடையில் குடிநீர்ப் புட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. நான் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை இங்கே எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. "நான் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டேன். கழிவறைக்குப் போகவேண்டி வந்துவிடுமே என்றுதான்."

அந்த நாட்களில் அந்த மலைமக்கள் ஒருவருக்கொருவர் செய்ததை முழுதாக எழுத ஒரு கட்டுரை போதாது. கைப்பேசிக் கோபுரங்கள் எல்லாம் செத்துக் கிடந்தபோது மிட்சல் மலை உச்சியிலிருந்த அமெச்சூர் வானொலி அலைவரிசையில் நாள் முழுக்க உட்கார்ந்து, யார் எந்த ஓடைக்கு அப்பால் சிக்கியிருக்கிறார்கள் என்று செய்தி கடத்தியவர்கள் உண்டு. பாலம் போன ஊர்களுக்குக் கோவேறு கழுதைகளில் மருந்தும் மாவும் ஏற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. காரில் உட்கார்ந்து வானொலியில் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தெருமுனையில் அட்டையில் எழுதி மாட்டிய ஆசிரியர் ஒருவரை நானே பார்த்தேன்.

அரசு வரவே இல்லை என்று பேசியவர்கள் பலர். அது உண்மையில்லை. ஹெலிகாப்டர்களில் கூரைகளிலிருந்து மக்களைத் தூக்கியவர்கள் அரசின் படைவீரர்கள். ஃபீமா எனப்படும் கூட்டாட்சிப் பேரிடர் முகமையின் ஊழியர்கள் வீடு வீடாக ஏறி விண்ணப்பம் எழுத உதவினார்கள். எத்தனையோ மாநிலங்களிலிருந்து வந்த மின்கம்பி ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். கஜாவுக்குப் பிறகு வெளிமாவட்டங்களிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து, இடுப்பளவு வயல்நீரில் இறங்கிக் கம்பம் தூக்கிய மின்வாரிய ஊழியர்களுக்கு எங்கள் தெருப் பெண்கள் முறைவைத்துச் சமைத்துப் போட்டார்கள். ஸ்வானனோவாவிலும் அதே காட்சி. சோறுக்குப் பதில் வறுத்த கோழி, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் தேர்தல் நேரம். அவசரச் செலவுக்கென முதலில் கைக்குத் தரும் 750 டாலர் மட்டுமே மொத்த நிவாரணம் என்று ஒரு வதந்தி. அந்தப் பணத்தை வாங்கினால் அரசு நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்று இன்னொன்று. இதை நம்பி விண்ணப்பமே போடாத குடும்பங்களை எனக்குத் தெரியும். அக்டோபர் மத்தியில் நிவாரண ஊழியர்களைத் துப்பாக்கியால் மிரட்டப்போவதாக ஒருவர் பேசிக் கைதானார். சில நாட்கள் அவர்கள் வீடு வீடாகப் போவதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. வதந்தி பரப்பியவர்களில் ஒருவரும் ஒரு வாளி தண்ணீர் தூக்கியதாக நான் அறியேன்.

நேரில் பார்த்த பிறகு எனக்கு வேறொரு கோபம் மிஞ்சியது. ஆஷ்வில் அடங்கிய பன்கம்ப் கவுண்டியில் நூறு வீடுகளில் ஒன்றுக்குக்கூட வெள்ளக் காப்பீடு இல்லை. ஏனென்று கேட்டால், தங்கள் வீடு வெள்ள அபாய வரைபடத்தில் இல்லை என்பார்கள். வரைபடங்களோ கடந்தகால மழையை வைத்துப் போடப்பட்டவை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். இது பள்ளிப் பாட அறிவியல். வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வாளர் குழு, மனிதர்கள் உண்டாக்கிய வெப்பத்தால் ஹெலீனின் மழை ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது என்று கணக்கிட்டது. பத்து சதவீதம் சின்னதாகத் தெரியலாம். குறுகிய மலைப் பள்ளத்தாக்கில், ஏற்கெனவே ஊறிய மண்ணில், அந்தக் கடைசிப் பத்து சதவீதம்தான் வீட்டுக்குள் வருகிறது.

இதெல்லாம் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தெரியாதா? 2023இல் வீடுகளுக்கான கட்டட விதிகளைப் புதுப்பிப்பதையே 2031 வரை நிறுத்திவைக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அப்போதைய ஆளுநர் ராய் கூப்பர் ஒப்புதல் மறுத்தார். அதையும் மீறி நிறைவேற்றினார்கள். வீடு கட்டும் செலவு ஏறிவிடும் என்பது அவர்கள் வாதம். புயல் வந்துபோன பிறகு நவம்பரில் கொண்டுவந்த ஒரு மசோதாவுக்குத் தலைப்பு பேரிடர் நிவாரணம். உள்ளே பெரும்பகுதி, தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து பறிப்பது போன்ற அரசியல் பிரிவுகள். கூப்பர் அதையும் மறுத்தார், அதையும் மீறினார்கள். 305ஆம் எண் வீட்டு அம்மையாரின் பெயரைச் சொல்லி இதைச் செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வட கரோலினா மாநில அரசு தன் மதிப்பீட்டில் சேதத்தை 5,960 கோடி டாலர் என்றது. புதிய குடியரசுத் தலைவர் டிரம்ப் 2025 ஜனவரி 24 அன்று இங்கே வந்து, ஃபீமாவையே இல்லாமல் ஆக்குவது குறித்துப் பேசினார். இடிபாடுகளை அகற்றும் செலவு முழுவதையும் முதல் 180 நாட்களுக்கு வாஷிங்டன் ஏற்றிருந்தது. அதை நீட்டிக்கும்படி புதிய ஆளுநர் ஜாஷ் ஸ்டைன் கேட்டார். ஏப்ரலில் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடும் பலிக்கவில்லை. மலை மக்கள் தங்கள் கையால் எழுந்து நிற்பவர்கள், அண்டை வீட்டாருக்கு ஓடிவருபவர்கள் என்ற புகழ்ச்சி மட்டும் மேடைக்கு மேடை குறைவில்லாமல் கிடைத்தது.

அந்தப் புகழ்ச்சியை இப்போதெல்லாம் என்னால் கேட்க முடிவதில்லை. வாளி தூக்கியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதைச் சொல்கிறேன். எங்களால் 53 நாட்கள் தண்ணீர் சுமக்க முடியும். குழாய் பதிக்க முடியாது. ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு வீட்டை மேட்டுக்கு மாற்ற முடியாது. அடுத்த மழை எவ்வளவு பெய்யும் என்று கணித்து வரைபடம் போட முடியாது. எங்கள் கருணை பெரிதாகத் தெரியத் தெரிய, அவற்றைச் செய்யவேண்டியவர்கள் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆஷ்வில்லில் ஓர் அலுவலகம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்க அரசின் தேசியச் சுற்றுச்சூழல் தகவல் மையம். உலகின் மிகப் பெரிய வானிலைத் தரவுக் கிடங்குகளில் ஒன்று. ஹெலீன் வந்தபோது நகரத்தோடு சேர்ந்து அதுவும் இருண்டது. சில நாட்கள் அதன் தரவுகளை உலகில் யாராலும் எடுக்க முடியவில்லை. அதன் பணிகளில் ஒன்று, 1980 முதல் அமெரிக்காவில் நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைவித்த ஒவ்வொரு பேரிடரையும் கணக்கில் எழுதி வைப்பது. 2024ஆம் ஆண்டுக்கு அந்தப் பட்டியலில் 27 பேரிடர்கள். அவற்றில் ஹெலீனும் ஒன்று. 2025 மே மாதம் அரசு அந்தக் கணக்கை இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தது. வெள்ளம் புகுந்த ஊரிலேயே, வெள்ளத்தை எண்ணும் நோட்டை மூடிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுண்ணாம்பு பூசிய தென்னைகளும் அந்த இளம்பெண்ணின் நோட்டுப் புத்தகமும் கண்ணில் வந்து வந்து போயின. எண்ணுவதென்பது வெறும் எழுத்து வேலை இல்லை. விழுந்தவை 199 என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், அந்த 199க்கும் பதில் சொல்லவேண்டிய கடமை கையெழுத்திட்டவருக்கு வந்துவிடுகிறது. 1,100 ரூபாய் போதாது என்று சண்டை போடவாவது அப்பாவிடம் ஓர் எண் இருந்தது. சில மாதங்கள் கழித்து, அரசு கைவிட்ட பேரிடர்க் கணக்கை கிளைமேட் சென்ட்ரல் என்ற லாபநோக்கற்ற அமைப்பு தொடர்ந்து எழுத முன்வந்தது. மகிழ்ச்சிதான். அதுவும் வாளி தூக்குவதுதான்.

ஊரிலும் இந்தக் கதையின் இன்னொரு முகம் உண்டு. கஜாவில் தென்னையை இழந்த எங்கள் பகுதி இளைஞர்கள், இனி நெல்லுக்கும் தென்னைக்கும் தண்ணீர் வேண்டுமென்றால் குளத்தைத்தான் பிடிக்கவேண்டும் என்று 2019இல் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வார இறங்கினார்கள். கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் இருந்த எங்களிடமெல்லாம் பணம் திரட்டினார்கள். நானும் அனுப்பினேன். குளம் நிரம்பிய படத்தை அப்பா அனுப்பியபோது அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். ஆனால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வருவது கல்லணைக் கால்வாயில். மேட்டூரில் மதகு திறந்தால்தான் அதில் நீர் வரும். அந்த மதகைத் திறக்க எந்த இளைஞர் சங்கத்தாலும் முடியாது.

2025 செப்டம்பர் இறுதியில், ஓராண்டு நினைவுநாளுக்கு மறுபடி மலைக்குப் போனேன். 305ஆம் எண் வீட்டு அம்மையார் மகள் வீட்டுக்கு, அட்லாண்டாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நோட்டில் 311ஆம் எண்ணுக்கு எதிரே இருந்த, மகள் அட்லாண்டாவில் என்ற அந்த வரி தவறான கதவுக்கு எழுதப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஸ்வானனோவா ஆற்றங்கரையில், தேவாலயக் கூடத்தில் முன்பு சந்தித்த ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போனேன். உத்தரம்வரை வெள்ளம் ஏறிய வீடு. சுவர்ப்பலகைகளைப் பெயர்த்தெடுத்து, எலும்பு எலும்பாக நிற்கிறது. அவர் பக்கத்து ஊரில் வாடகைக்கு இருக்கிறார். வீட்டை அரசே வாங்கி, இடித்து, அந்த நிலத்தில் இனி யாரும் கட்டாதபடி ஆற்றுக்கே விட்டுவிடும் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறார். முதல் பனிக்காலத்திலேயே கொடுத்துவிட்டார். பதில் வரவில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை வந்து வாசலில் புல் வெட்டுகிறார்.

நான் அப்பாவின் தோப்பைப் பற்றிச் சொன்னேன். மரம் ஒன்றுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். 1,100 ரூபாயை டாலரில் சொன்னதும் அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எல்லா மரத்தையும் சரியாக எண்ணினார்களா என்று கேட்டார்.

"எண்ணினார்கள். ஆனால் பக்கத்துத் தோப்புக்காரர் வழியை மறிக்கிறதென்று முன்பே அறுத்து அப்புறப்படுத்திவிட்டார். அவருக்கு அடிக்கட்டைகளை மட்டும் எண்ணினார்கள். வேரோடு போன மரங்களுக்கு அடிக்கட்டையும் இல்லை. அவை கணக்கில் வரவில்லை."

பெரியவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். இடித்துத் தருகிறோம் என்று தொண்டர் குழுக்கள் இரண்டு முறை வந்தார்களாம், வேண்டாமென்று அனுப்பிவிட்டாராம். "அவர்கள் வந்து பார்க்கும்வரை இது நிற்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில்தான் ஓடியது.